நாக் வருகைக்கு ஆயத்தமாகும் பல்கலைக்கழகம்: சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை முன்வைத்து ஒரு வரலாறு

இந்தியாவில் ஒரு பல்கலைக்கழகத்தின் தரத்தை வெளியிலிருந்து கல்வியாளர்கள் வந்து ஆராய்ந்து, புள்ளி அளித்துச் சான்று வழங்கும் முறைக்குத் தரமதிப்பீடு என்று பெயர். இப்பணியைச் செய்வது பெங்களூரில் உள்ள தேசிய மதிப்பீடு மற்றும் தரச்சான்று அவை. அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘நாக்’ என்றே அனைவரும் அழைக்கின்றனர். ‘நாக் குழு வருகை’, ‘நாக் ஏ பிளஸ் தகுதி’ போன்ற தொடர்களை நாளிதழ்களிலும் கல்லூரி வாயில் பலகைகளிலும் காண்கிறோம். ஆனால் அந்த ஓர் எழுத்தைப் பெற என்னென்ன வேலைகள் நடக்கின்றன, அதனால் மாணவருக்கு என்ன பயன் என்பது பலருக்கும் தெளிவாகத் தெரிவதில்லை.

நெய்வேலியிலிருந்து வடலூர், சேத்தியாத்தோப்பு, புவனகிரி வழியாகப் பேருந்தில் சென்றால் சிதம்பரம் அண்ணாமலைநகரை அடையலாம். அங்குள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 2014ஆம் ஆண்டில் ‘ஏ’ தரமும் 2022ஆம் ஆண்டில் ‘ஏ பிளஸ்’ தரமும் பெற்றது. இவ்விரண்டு மதிப்பீடுகளுக்கும் முன்னும் பின்னும் அப்பல்கலைக்கழகம் பெரிய மாற்றங்களைச் சந்தித்தது. எனவே, ஒரு பல்கலைக்கழகம் மதிப்பீட்டுக்கு எப்படி ஆயத்தமாகிறது என்பதை விளங்கிக்கொள்ள இது நல்ல எடுத்துக்காட்டு.

ஆய்வாளர் வருகை என்னும் பழைய மரபு

கல்வி நிறுவனத்தை வெளியார் வந்து பார்வையிடுவது நாக் தொடங்கி வைத்த பழக்கமன்று. 1854ஆம் ஆண்டின் உட் கல்வி அறிக்கை, தனியார் பள்ளிகளுக்கு அரசு மானியம் தரலாம் என்றும், மானியம் பெறும் பள்ளி அரசின் ஆய்வுக்கு உட்பட வேண்டும் என்றும் வகுத்தது. பணம் தருபவர் கணக்குக் கேட்பார் என்னும் நியதி அன்றே வேரூன்றிவிட்டது. 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் தொடங்கப்பட்டபோது அவை பாடம் நடத்தவில்லை. தேர்வு நடத்திப் பட்டம் வழங்கின. இணைக்கப்பட்ட கல்லூரிகளில் வகுப்புகள் எப்படி நடக்கின்றன என்று பார்க்கும் பொறுப்பு அவற்றுக்குப் பெரிதாக இருக்கவில்லை. கர்சன் பிரபு காலத்தில் வந்த 1904ஆம் ஆண்டின் இந்தியப் பல்கலைக்கழகச் சட்டம்தான் கல்லூரிகளுக்கான இணைப்பு விதிகளை இறுக்கி, அவற்றை ஆய்வு செய்யும் வழக்கத்தை வலுப்படுத்தியது.

பள்ளிகளில் இந்த மரபு ‘இன்ஸ்பெக்ஷன்’ என்ற பெயரில் இன்றும் வாழ்கிறது. பள்ளி ஆசிரியராக இருந்தவர் எவரும் அந்த நாளை மறக்க முடியாது. பாடக்குறிப்பேடு, மதிப்பெண் பதிவேடு, வருகைப் பதிவேடு, ஆய்வகப் பொருள் இருப்புப் பதிவேடு என அனைத்தும் மேசையில் அடுக்கப்படும். நான் பணியாற்றிய ஒரு பள்ளியில், ஆய்வு நாளுக்காக நூலக அலமாரியைத் திறந்து தூசி தட்டி வைத்தோம். ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவன் என்னிடம் வந்து, “சார், நாளைக்கும் இது திறந்திருக்குமா?” என்று கேட்டான். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. ஆய்வு என்பதன் பயனும் அதன் ஆபத்தும் அந்த ஒரு கேள்வியில் அடங்கியிருந்ததாக இன்றும் நினைக்கிறேன். ஆய்வு இல்லாதிருந்தால் அலமாரி அன்றுகூடத் திறந்திருக்காது. அன்று மட்டும் திறந்தால் ஆய்வால் பயனும் இல்லை.

நாக் தோன்றிய வரலாறு

பல்கலைக்கழக மானியக் குழு 1953இல் தொடங்கப்பட்டு 1956இல் சட்டப்படியான அமைப்பாயிற்று. நிதி வழங்குவதும் உயர்கல்வியின் தரத்தைக் காப்பதும் அதன் இரு கடமைகள். விடுதலைக்குப் பின் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் வேகமாகப் பெருகியதால் இரண்டாவது கடமையை நிறைவேற்றுவது கடினமாயிற்று. 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் அதையொட்டி 1992இல் வந்த செயல்திட்டமும் தரமதிப்பீட்டுக்கெனத் தனி அமைப்பு வேண்டும் என்று வலியுறுத்தின. அதன்படி 1994இல் மானியக் குழுவின்கீழ்த் தன்னாட்சி அமைப்பாக நாக் உருவாயிற்று.

இதற்கு முன்மாதிரிகள் வெளிநாடுகளில் இருந்தன. அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கல்வி நிறுவனங்கள் வட்டாரச் சங்கங்களாகக் கூடி ஒன்றையொன்று மதிப்பிட்டுக்கொள்ளத் தொடங்கின. அங்கே அது நிறுவனங்கள் தாமே விரும்பி மேற்கொண்ட ஏற்பாடு. போர்வீரர்கள் அரசுச் செலவில் கல்லூரியில் படிக்கும் திட்டம் வந்தபின், எந்தக் கல்லூரியில் படித்தால் பணம் தரலாம் என்று அரசுக்கு ஓர் அடையாளம் தேவைப்பட்டது. 1952ஆம் ஆண்டுச் சட்டம் தரச்சான்றை அந்த அடையாளமாக எடுத்துக்கொண்டது. தானே விரும்பிச் செய்த ஏற்பாடு இவ்வாறு அரசு நிதியின் திறவுகோலாக மாறியது.

இந்தியாவிலும் ஏறத்தாழ இதுவே நடந்தது. முதலில் நாக் மதிப்பீடு விருப்பத்தைப் பொறுத்ததாக இருந்தது. 2013 ஜனவரியில் மானியக் குழு வெளியிட்ட ஒழுங்குமுறை விதிகள் அதைக் கட்டாயமாக்கின. அதே ஆண்டு தொடங்கிய ‘ரூசா’ எனப்படும் உயர்கல்வி மேம்பாட்டுத் திட்டமும் நிதியைத் தரச்சான்றோடு இணைத்தது. 2018இல் வந்த வகைப்பாட்டு விதிகள், உயர்ந்த புள்ளி பெற்ற பல்கலைக்கழகங்களுக்குப் புதிய படிப்புகளைத் தாமே தொடங்கும் உரிமை போன்ற சலுகைகளை அளித்தன.

மதிப்பிடும் முறையும் பலமுறை மாறியிருக்கிறது. தொடக்கத்தில் ஐந்து நட்சத்திரங்கள் வரை வழங்கப்பட்டன. 2002இல் ஒன்பது படிகள் கொண்ட எழுத்து முறை வந்தது. 2007இல் நான்கு புள்ளிகளுக்குச் சராசரி கணக்கிட்டு ஏ, பி, சி, டி என்று பிரிக்கும் முறை வந்தது. 2016இல் இம்முறை மீண்டும் விரிவாக்கப்பட்டது. பின்னர் திருத்தப்பட்ட எல்லைகளின்படி 3.51 முதல் 4 வரை ‘ஏ பிளஸ் பிளஸ்’, 3.26 முதல் 3.50 வரை ‘ஏ பிளஸ்’, 3.01 முதல் 3.25 வரை ‘ஏ’. அடுத்து ‘பி’ வரிசையில் மூன்று படிகள், பின்னர் ‘சி’. 1.50 அல்லது அதற்குக் கீழே போனால் சான்று இல்லை.

ஆகவே ஒரு நிறுவனத்தின் தரத்தைப் படிக்கும்போது ஆண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 2014இல் பெற்ற ‘ஏ’ அன்றைய முறையில் மிக உயர்ந்த எழுத்து. அது 3.01 முதல் 4 வரை எதையும் குறிக்கும். 2022இல் பெற்ற ‘ஏ பிளஸ்’ புதிய முறையில் மேலிருந்து இரண்டாம் படி. எழுத்தை மட்டும் வைத்து இரண்டையும் ஒப்பிடுவது சரியாகாது.

அண்ணாமலைநகர்: 1920 முதல் 2013 வரை

ராஜா சர் அண்ணாமலை செட்டியார் 1920இல் சிதம்பரத்தில் ஸ்ரீ மீனாட்சி கல்லூரியை நிறுவினார். பின்னர் தமிழுக்கும் வடமொழிக்கும் தனிக் கல்லூரிகள் தோன்றின. மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் முதல்வராக உ.வே. சாமிநாதையர் பணியாற்றினார். இக்கல்லூரிகளை ஒன்றுசேர்த்து 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உருவாயிற்று. இதற்காக அண்ணாமலை செட்டியார் 20 லட்சம் ரூபாய் வழங்கினார். சென்னைப் பல்கலைக்கழகத்தைப் போல ஊர்தோறும் கல்லூரிகளை இணைத்துக்கொள்ளாமல், ஒரே வளாகத்தில் தங்கிப் படிக்கும் பல்கலைக்கழகமாக இது அமைந்தது. வி.எஸ். சீனிவாச சாஸ்திரி, சி.பி. ராமசாமி ஐயர் போன்றோர் துணைவேந்தர்களாக இருந்தனர்.

தமிழ், இசை, வேளாண்மை, பொறியியல், மருத்துவம் எனத் துறைகள் விரிந்தன. வெள்ளாறு கடலில் கலக்கும் பரங்கிப்பேட்டையில் இயங்கும் கடல் உயிரியல் உயராய்வு மையம் ஆராய்ச்சிக்குப் பெயர்பெற்றது. 1979இல் தொலைதூரக் கல்வி தொடங்கியது. கடை வைத்திருப்பவர், ஆசிரியர், சுரங்கத் தொழிலாளி, திருமணத்துக்குப் பின் படிப்பை விட்ட பெண் எனக் கல்லூரி வாசலை மிதிக்க முடியாத பலர் அஞ்சல்வழியில் பட்டம் பெற்றனர். எங்கள் நெய்வேலி நகரியத்திலும் அப்படிப் படித்துப் பணி உயர்வு பெற்றவர்கள் பலர்.

இந்த வளர்ச்சிக்கு நிர்வாகம் ஈடுகொடுக்கவில்லை. தேவைக்கு மிகுந்த எண்ணிக்கையில் ஆசிரியர்களும் ஊழியர்களும் நியமிக்கப்பட்டிருந்தனர். 2012இன் இறுதியில் நிதி நெருக்கடி வெளிப்பட்டது. ஊதியக் குறைப்பு, ஆட்குறைப்பு பற்றிய பேச்சு எழுந்ததும் ஊழியர்கள் போராட்டத்தில் இறங்கினர். 2013 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு, ஐ.ஏ.எஸ். அதிகாரி சிவ்தாஸ் மீனாவை நிர்வாகியாக நியமித்தது. அதே ஆண்டில் சட்டமன்றத்தில் புதிய அண்ணாமலைப் பல்கலைக்கழகச் சட்டம் நிறைவேறி, பல்கலைக்கழகம் முழுமையாக அரசின் பொறுப்பில் வந்தது. பின்வந்த ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான உபரி ஆசிரியர்களும் ஊழியர்களும் அரசுக் கல்லூரிகளுக்கும் பிற அரசு அலுவலகங்களுக்கும் பணிநிரவல் செய்யப்பட்டனர்.

இந்த மாற்றம் நடந்த மறு ஆண்டே, 2014இல், நாக் தரம் கிடைத்தது. நிதி நெருக்கடியால் பெயர் கெட்ட ஒரு நிறுவனத்துக்கு அந்தச் சான்று பெரிய ஆறுதல். அதே சமயம் அது வாசகருக்கு ஒரு கேள்வியையும் எழுப்புகிறது. ஊதியம் கொடுக்கத் தடுமாறிய பல்கலைக்கழகம் மிக உயர்ந்த எழுத்தைப் பெற்றது எப்படி? பதில் எளிது. நாக் பல ஆண்டுகளின் பணியைச் சேர்த்துப் பார்க்கிறது. ஆசிரியர்களின் ஆராய்ச்சியும் ஆய்வகங்களும் நூலகமும் ஓராண்டு நெருக்கடியில் மறைந்துவிடுவதில்லை. நிர்வாகம் தவறினாலும் வகுப்பறை நடந்துகொண்டிருக்க முடியும். மதிப்பீட்டில் நிர்வாகம் பல பகுதிகளில் ஒன்று மட்டுமே.

ஏழு அளவுகோல்கள்

2017இல் திருத்தப்பட்ட முறைப்படி நாக் ஒரு நிறுவனத்தை ஏழு அளவுகோல்களால் அளக்கிறது. மொத்த எடை 1000. பல்கலைக்கழகங்களுக்கு அது பின்வருமாறு பிரிக்கப்படுகிறது: பாடத்திட்டம் 150, கற்பித்தலும் தேர்வும் 200, ஆராய்ச்சியும் சமூகப் பணியும் 250, கட்டடங்களும் கற்றல் வளங்களும் 100, மாணவர் நலனும் முன்னேற்றமும் 100, நிர்வாகமும் தலைமையும் 100, நிறுவனத்தின் விழுமியங்களும் சிறந்த நடைமுறைகளும் 100.

பல்கலைக்கழகத்தோடு இணைந்த சாதாரணக் கல்லூரிக்கு இந்தப் பங்கீடு வேறு. அங்கே கற்பித்தலுக்கு 350 எடை. ஆராய்ச்சிக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். பல்கலைக்கழகத்திடம் புதிய அறிவை உருவாக்குவதையும், கல்லூரியிடம் நன்றாகக் கற்பிப்பதையும் நாக் முதன்மையாக எதிர்பார்க்கிறது என்பது இதிலிருந்து தெரிகிறது.

ஆயத்தப் பணி நடக்கும் விதம்

ஆயத்தத்தின் மையம் உள்தர உறுதிப் பிரிவு. ஊழியர்கள் இதை ‘ஐ.க்யூ.ஏ.சி.’ என்பார்கள். துணைவேந்தர் தலைமையில் மூத்த பேராசிரியர்கள், நிர்வாக அலுவலர்கள், மாணவர், முன்னாள் மாணவர், வெளியார் ஆகியோர் இதில் இடம்பெறுவர். ஒவ்வோர் ஆண்டும் இப்பிரிவு ஆண்டுத் தர அறிக்கையை நாக்கிற்கு அனுப்ப வேண்டும். இதை ஒழுங்காகச் செய்துவந்த நிறுவனத்துக்கு மதிப்பீட்டு ஆண்டில் வேலை பாதி முடிந்துவிடும். செய்யாத நிறுவனம் ஐந்தாண்டுக் கணக்கை ஐந்து மாதத்தில் தேடி எடுக்க வேண்டியிருக்கும்.

வழக்கமாக அளவுகோலுக்கு ஒரு குழு அமைக்கப்படும். அக்குழு துறைதோறும் படிவங்களை அனுப்பும். கேட்கப்படும் விவரங்கள் மிக நுணுக்கமானவை. முழுநேர ஆசிரியர் ஒருவருக்கு எத்தனை மாணவர்? முனைவர் பட்டம் பெற்ற ஆசிரியர் எத்தனை பேர்? கடைசித் தேர்வு முடிந்து எத்தனை நாளில் முடிவுகள் வெளியாயின? மதிப்பெண் குறித்து எத்தனை மாணவர் முறையிட்டனர்? நூல்களுக்கும் இதழ்களுக்கும் எவ்வளவு செலவிடப்பட்டது? உதவித்தொகை பெற்றவர், வேலை பெற்றவர், மேற்படிப்புக்குச் சென்றவர் எத்தனை பேர்? மழைநீர் சேகரிப்பும் சூரிய மின்சாரமும் உண்டா? மாற்றுத்திறனாளிகளுக்குச் சாய்தளம் உண்டா?

ஒவ்வொரு எண்ணுக்கும் ஆதாரம் வேண்டும். கருத்தரங்கு நடந்தது என்றால் அழைப்பிதழ், கலந்துகொண்டோர் பட்டியல், தேதியும் இடமும் பதிந்த ஒளிப்படம், அறிக்கை ஆகியவை தேவை. மாணவர் வேலைக்குச் சேர்ந்தார் என்றால் பணி ஆணையின் நகல் தேவை. செய்த வேலைக்குப் பதிவு இல்லையென்றால் அந்த வேலை கணக்கில் வராது. நல்லாசிரியர் பலர் இந்த இடத்தில்தான் மனம் சோர்வர். மாலை ஆறு மணி வரை மாணவருக்குச் சந்தேகம் தீர்த்த பேராசிரியரிடம் அதற்குச் சான்று இருக்காது. ஒருநாள் பயிலரங்குக்குத் தலைமை தாங்கியவரிடம் சான்றிதழ் இருக்கும்.

விவரங்கள் திரண்டதும் பல்கலைக்கழகம் நாக் இணையத்தளத்தில் முதலில் ஒரு தகுதித் தகவல் மனுவைப் பதிவு செய்யும். அது ஏற்கப்பட்டபின் 45 நாட்களுக்குள் தன்னாய்வு அறிக்கையைப் பதிவேற்ற வேண்டும். இதன் சுருக்கப் பெயர் ‘எஸ்.எஸ்.ஆர்.’. இந்த அறிக்கையில் கவனிக்கத்தக்க ஒரு பகுதி உண்டு. நிறுவனம் தன் வலிமை, பலவீனம், வாய்ப்பு, சவால் ஆகிய நான்கையும் தானே எழுத வேண்டும். தன் குறையைத் தன் கையால் எழுதுவது எந்த நிறுவனத்துக்கும் எளிதன்று. ஒரு பல்கலைக்கழகம் உண்மையாகத் தன்னை ஆராய்ந்ததா என்று அறிய விரும்பும் வாசகர், இந்தப் பகுதியை முதலில் படிக்கலாம்.

அறிக்கை சென்றபின் இரண்டு வேலைகள் ஒரே காலத்தில் நடக்கும். முதலாவது தரவுச் சரிபார்ப்பு. அறிக்கையில் உள்ள எண்களை ஆதாரங்களோடு ஒப்பிட்டு நாக் விளக்கம் கேட்கும். ஆதாரமில்லாத எண் வெட்டப்படும். இரண்டாவது மாணவர் கருத்துக் கணிப்பு. பல்கலைக்கழகம் கொடுத்த பட்டியலிலிருந்து மாணவர்களுக்கு நாக் இணையவழியில் நேரடியாகக் கேள்விகளை அனுப்பும். ஆசிரியர் பாடத்தை எவ்வளவு முடிக்கிறார், ஆயத்தமாக வருகிறாரா, தேர்வு நியாயமாக நடக்கிறதா போன்ற கேள்விகள் அதில் இருக்கும். பல மாணவர்கள் இந்த மின்னஞ்சலைத் திறப்பதே இல்லை. தம் பல்கலைக்கழகத்தைப் பற்றி நேரடியாகச் சொல்லக் கிடைக்கும் அரிய வாய்ப்பு இது என்பதை அவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

இந்த நிலைகளைக் கடந்த நிறுவனத்துக்கே வல்லுநர் குழு வரும். பிற மாநிலப் பல்கலைக்கழகங்களின் முன்னாள் துணைவேந்தர்களும் பேராசிரியர்களும் அதில் இருப்பர். வருகை மூன்று நாட்களுக்கு மிகாது. 2017க்குப் பிறகு புள்ளிகளில் ஏறத்தாழ 70 விழுக்காடு எண் விவரங்களாலும் 30 விழுக்காடு வல்லுநர் குழுவின் நேரடிப் பார்வையாலும் முடிவாகின்றன. அதாவது குழு வளாகத்துக்குள் நுழையும்முன்பே பெரும்பகுதி முடிவாகிவிடுகிறது. இதைப் புரிந்துகொள்ளாமல் சில நிறுவனங்கள் சுவருக்கு வெள்ளையடிப்பதிலும் வரவேற்பு வளைவு கட்டுவதிலும் காலத்தைச் செலவிடுகின்றன.

குழுவினர் துறைகளையும் நூலகத்தையும் விடுதிகளையும் பார்வையிடுவர். மாணவர், பெற்றோர், முன்னாள் மாணவர், ஊழியர் ஆகியோரைத் தனித்தனியே சந்திப்பர். இறுதி நாளில் தம் அறிக்கையைத் துணைவேந்தரிடம் அளிப்பர். பின்னர் நாக் தரத்தை அறிவிக்கும். பொதுவாக அது ஐந்தாண்டுகள் செல்லும்.

2022: ஒரு புள்ளியின் விலை

இரண்டு மதிப்பீடுகளுக்கு இடையே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வடிவமே மாறிவிட்டது. மாணவர்களின் நீண்ட கட்டணப் போராட்டத்துக்குப் பின், வளாகத்திலிருந்த ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி 2021இல் கடலூர் மாவட்டத்துக்கான அரசு மருத்துவக் கல்லூரியாக மாற்றப்பட்டது. அதே ஆண்டில் விழுப்புரத்தில் தொடங்கப்பட்டிருந்த பல்கலைக்கழகத்தை அண்ணாமலையோடு இணைக்கும் சட்டத்திருத்தம் வந்தது. கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டங்களின் கலை அறிவியல் கல்லூரிகள் அதன்கீழ் வந்தன. 90 ஆண்டுகளுக்கு மேல் ஒரே வளாகத்துக்குள் இயங்கிய பல்கலைக்கழகம் கல்லூரிகளை இணைத்துக்கொள்ளும் பல்கலைக்கழகமாயிற்று.

இக்காலத்தில் மிகவும் பாதிக்கப்பட்டது தொலைதூரக் கல்வி. மானியக் குழு 2020இல் வெளியிட்ட விதிகளின்படி, தொலைதூரப் படிப்பு நடத்த விரும்பும் பல்கலைக்கழகம் நாக் மதிப்பீட்டில் 3.01 புள்ளியாவது பெற்றிருக்க வேண்டும், அல்லது தேசியத் தரவரிசையில் முதல் நூறு இடங்களுக்குள் வந்திருக்க வேண்டும். 3.01 என்பது ‘ஏ’ தரத்தின் கீழ் எல்லை. 2022 மார்ச்சில் மானியக் குழு ஒரு பொது அறிவிப்பு வெளியிட்டது. அண்ணாமலையின் தொலைதூரப் படிப்புகளுக்கு 2014-15 கல்வியாண்டு வரைதான் அங்கீகாரம் இருந்தது என்றும், அவற்றில் மாணவர்கள் சேர வேண்டாம் என்றும் அது எச்சரித்தது.

அந்த அறிவிப்பைப் படித்த குடும்பங்களின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். பகலில் வேலை செய்து இரவில் படித்து, விடுமுறையில் தேர்வெழுதிப் பெற்ற பட்டம் செல்லுமா செல்லாதா என்ற கவலை அது. இங்கே சிக்கல் அங்கீகாரம் பற்றியதே தவிர, நாக் புள்ளி மட்டும் அதற்குக் காரணமன்று. ஆயினும் நாக் புள்ளி, அங்கீகாரம், மானியம், புதிய படிப்பு தொடங்கும் உரிமை ஆகிய அனைத்தும் இன்று ஒரே சங்கிலியின் கண்ணிகள். பல்கலைக்கழக அலுவலகத்தில் உரிய நேரத்தில் அனுப்பப்படாத ஒரு விண்ணப்பமும், ஒழுங்காகப் பராமரிக்கப்படாத ஒரு பதிவேடும் எங்கோ ஒரு சிற்றூரில் இருக்கும் மாணவரின் பட்டத்தைத் தொடுகின்றன. 2022இல் கிடைத்த ‘ஏ பிளஸ்’ தரத்தை இந்தப் பின்னணியில்தான் மதிக்க வேண்டும்.

முறையின் குறைகளும் வரும் மாற்றங்களும்

பணமும் பெயரும் ஓர் எழுத்தைச் சார்ந்துவிட்டால், அந்த எழுத்தை விலைக்கு வாங்கவும் சிலர் முயல்வர். 2025 பிப்ரவரியில், ஆந்திர மாநிலத்தில் ஒரு கல்வி நிறுவனத்துக்குச் சாதகமான தரம் வழங்க லஞ்சம் பெற்றதாக நாக் வல்லுநர் குழுவினர் உட்படப் பத்துப் பேரை சி.பி.ஐ. கைது செய்தது. இது நாக் மீதான நம்பிக்கையை உலுக்கியது. குழுவினர் பெயரை முன்கூட்டி வெளியிடாமை, அவர்களின் பயண ஏற்பாட்டை நிறுவனத்திடம் விடாமல் நாக் தானே கவனித்தல் போன்ற கட்டுப்பாடுகள் 2017 முதலே இருந்தும் இது நிகழ்ந்தது.

இதற்கு முன்பே முறையை மாற்றும் முயற்சி தொடங்கியிருந்தது. இஸ்ரோவின் முன்னாள் தலைவர் கே. ராதாகிருஷ்ணன் தலைமையில் 2022இல் அமைக்கப்பட்ட குழுவின் பரிந்துரைகளை ஏற்று, 2024 ஜனவரியில் நாக் புதிய திட்டத்தை அறிவித்தது. அதன்படி ஏ, பி என்ற எழுத்துகளுக்குப் பதிலாகத் தரச்சான்று உண்டு அல்லது இல்லை என்ற இருநிலை முறை வரும். அதற்குமேல் உயர விரும்பும் நிறுவனங்களுக்கு ஒன்று முதல் ஐந்து வரை முதிர்ச்சி நிலைகள் வகுக்கப்படும். நேரடி வருகையைக் குறைத்து, பல இடங்களிலிருந்து திரட்டிய தரவுகளை ஒப்பிட்டு முடிவு செய்வதே இதன் நோக்கம்.

மாணவர்கள் எப்படிப் பயன்படுத்தலாம்?

கல்லூரியில் சேரும்முன் தரத்தைப் பார்ப்பது நல்லது. ஆனால் எழுத்தோடு நின்றுவிடக் கூடாது. முதலில் சான்றின் ஆண்டையும் அது செல்லும் காலத்தையும் பார்க்க வேண்டும். தன்னாய்வு அறிக்கையும் ஆண்டுத் தர அறிக்கைகளும் நிறுவனத்தின் இணையத்தளத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. அவற்றில் ஆசிரியர்-மாணவர் விகிதம், தேர்வு முடிவு வெளியாகும் நாட்கள், பலவீனம் பற்றிய பகுதி ஆகிய மூன்றையாவது படிக்கலாம். தொலைதூரப் படிப்பானால், அந்த ஆண்டுக்கும் அந்தப் படிப்புக்கும் மானியக் குழுவின் அங்கீகாரம் உண்டா என்பதை அதன் தொலைதூரக் கல்விப் பிரிவின் இணையத்தளத்தில் தனியே உறுதிசெய்துகொள்ள வேண்டும். நாக் தரம் இருப்பதால் எல்லாப் படிப்புக்கும் அங்கீகாரம் உண்டு என்று எண்ணிவிடக் கூடாது.

அண்ணாமலையின் வரலாறு காட்டுவது இதுதான்: மதிப்பீட்டுக்கான ஆயத்தம் குழு வரும் மாதத்தில் தொடங்குவதன்று. நிதிக் கணக்கை நேர்மையாக எழுதுவது, தேவையறிந்து ஆட்களை நியமிப்பது, தேர்வு முடிவைக் காலத்தில் வெளியிடுவது, மாணவர் முறையீட்டுக்குப் பதில் சொல்வது என அன்றாடம் செய்யும் வேலைதான் உண்மையான ஆயத்தம். அப்படி நடக்கும் பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்காகத் திறந்த நூலக அலமாரி மறுநாளும் திறந்தே இருக்கும்.